ஆய்வுக் கட்டுரையும் காணாமற்போன சதுரமுகியும்

பொறியியற் பீடங்களிலே பட்டப்பின் ஆய்வு செய்வோரிடம் அடிக்கடி கேட்கக்கூடிய வாக்கியம் ஒன்றுண்டு. "வேலை முடிந்துவிட்டது, இனி எழுதுவதுதான் மிச்சம்" என்பதே அது. கேட்போர் இதனை ஒரு நற்செய்தியாகவே கொள்வர். மேற்பார்வையாளர் மகிழ்வார். ஆய்வுகூட உதவியாளர் மேசையைத் துப்புரவு செய்து அடுத்த மாணவருக்கு ஒதுக்குவார். நசுக்கப்பட்ட மாதிரிகள் கட்டடத்தின் பின்புறத்துக் குப்பைமேட்டைச் சேரும். மாணவர் கணனியின் முன்னமர்ந்து, சஞ்சிகையொன்றின் அறிவுறுத்தற் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, சுருக்கம் எத்தனை சொல்லுக்குள் அமையவேண்டும், உருக்கள் எவ்வளவு அகலத்தில் இருக்கவேண்டும், உசாத்துணைகளை எண்ணிட்டுத் தருவதா பெயரிட்டுத் தருவதா என்றெல்லாம் ஆராயத் தொடங்குவார். கையெழுத்துப் படியை ஆயத்தஞ்செய்தல் என்று இன்று வழங்கப்படுவது இதுவே.

இவ்வழக்கம் தவறானது. தவறு எழுத்து நடையைச் சார்ந்ததன்று; பொறியியல் அறிவு எதன்மேல் நிற்கிறதோ அந்த அத்திவாரத்தையே சார்ந்தது. ஆய்வு முடிந்தபின் அதனைச் சுற்றிக்கட்டும் தாளுறையாகக் கையெழுத்துப் படி கருதப்படுமிடத்து, ஆய்வில் எஞ்சிய ஓட்டைகளை மூடுதற்கே அது பயன்படும். மாதிரிகள் இன்னும் நீர்த்தொட்டியிற் கிடக்கும்போதே அது எழுதப்படுமாயின், அவ்வோட்டைகளைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகிவிடும். கட்டுரையை இறுதியாக எழுதவேண்டும் என்ற அறிவுரையை மாணவருக்கு வழங்கிவரும் விரிவுரையாளர்கள் இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாட்டை எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். நெல் விளையும் நாடுகளிலெல்லாம் பன்முறை எடுத்தாளப்பட்ட ஆய்வுப் பொருள் உமிச்சாம்பல். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. உமியை எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பல். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதனைக் கலந்தால் செலவு குறையும், கழிவும் பயன்படும். பொருளிலே குறையொன்றுமில்லை. ஒரு மாணவர் சீமெந்தின் 10 சதவீதத்துக்குப் பதிலாகச் சாம்பலையிட்டு 150 மில்லிமீற்றர்ச் சதுரமுகிகளை வார்க்கிறார். ஒப்பீட்டுக்காகச் சாம்பல் சேராத சதுரமுகிகள் மூன்று. கலவை சிறிது எஞ்சியமையாற் சாம்பல் சேர்ந்தவை நான்கு. 28 நாள் நீரில் வைத்துப் பின் நசுக்குகிறார். சாம்பலில்லாதவை சதுர மில்லிமீற்றருக்கு 26, 24, 22 நியூற்றன் தாங்கின. சாம்பல் சேர்ந்தவற்றுள் மூன்று 28, 26, 24 தாங்கின. நான்காவது 17 இலேயே நொறுங்கிற்று.

கட்டுரை எழுதும் வேளையிலே அந்த நான்காவது சதுரமுகி காணாமற் போய்விடுகிறது. அது சரியாகக் குத்தி இறுக்கப்படாமல் இருந்திருக்கும் என்று மாணவர் தம்மைத் தேற்றிக்கொள்கிறார், மேற்பார்வையாளரும் தலையசைக்கிறார். எஞ்சிய மூன்றின் இடை 26. மற்றையவற்றின் இடை 24. எனவே உமிச்சாம்பல் அமுக்க வலிமையை 8.33 சதவீதத்தால் உயர்த்துகிறது எனச் சுருக்கத்திலே எழுதப்படுகிறது. காணாமற்போன சதுரமுகியையுஞ் சேர்த்தால் இடை 23.75. உயர்வு என்பது மறைந்து சிறு தாழ்வாக மாறிவிடும். தசமத்தின் பின் இரண்டு இலக்கம் வரை செப்பமாகக் கூறப்பட்ட அந்த 8.33 என்னும் எண்ணின் ஆயுள் ஒரேயொரு கற்கட்டியின் கையில் இருந்திருக்கிறது!

நான்காவது சதுரமுகியைத் தள்ளியது பிழையென்று கூறுவதற்கில்லை. உண்மையாகவே அதன் பக்கங்களிலே துளைகள் காணப்பட்டிருக்கலாம். வார்ப்பின்போது அதிர்வுமேசை நின்றுபோயிருக்கலாம். அவ்வாறாயின் அக்காரணம் பொறியில் வைத்து நசுக்குவதற்கு முன்னரே குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கவேண்டும். கட்டுரையிலும் ஒரு வரியாக இடம்பெறவேண்டும். முள் 17 இல் நின்றதைக் கண்டபின் தேடிக்கண்டுபிடிக்கப்பட்ட காரணம் காரணமாகாது. கட்டுரையின் அட்டவணை வெற்று அட்டவணையாக முன்னரே வரையப்பட்டிருந்தால், நான்கு சதுரமுகிகளுக்கும் நான்கு கட்டங்கள் அதிலே காத்திருக்கும். வெறுமையாகக் கிடக்கும் ஒரு கட்டத்தை நிரப்பாது விடுதற்கு நெஞ்சுரம் வேண்டும். கட்டமே இல்லாத ஓர் அட்டவணையைப் பின்னர் ஆக்குதற்கோ எவ்வித உரமும் தேவையில்லை.

தள்ளப்படாத மூன்றை எடுத்துக்கொண்டாலும் நிலைமை நன்றாயில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் நியம விலகல் 2. மூன்று மாதிரிகளே உள்ளவிடத்து, இடையின் 95 சதவீத நம்பிக்கை எல்லையைக் காண்பதற்கு நியம வழுவை 4.303 ஆற் பெருக்கவேண்டும் என்பது புள்ளிவிபரவியலின் முதலாண்டுப் பாடம். அவ்வாறு பெருக்கினால் எல்லை கூட்டியுங் கழித்தும் ஏறத்தாழ 5. அதாவது ஒன்று 24 உம் அதனிரு மருங்கும் 5 உம். மற்றையது 26 உம் அதனிரு மருங்கும் 5 உம். இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டென்று கூற இத்தரவு இடந்தரவில்லை. முதலாண்டிலே இப்பாடத்திற் சித்தியடைந்த அதே மாணவர், ஆய்வுக் கட்டுரை எழுதும்போது அதனை மறந்துவிடுவது எவ்வாறு? மறக்கவில்லை, நினைவூட்டுவார் எவருமில்லை. எழுதும் வேளையில் அதனை நினைவுகூர்ந்தாலும் பயனில்லை. மூன்றைப் பன்னிரண்டாக்குவதற்குக் கலவையுமில்லை, நேரமுமில்லை, மேசையும் வேறொருவருக்குப் போய்விட்டது.

மாதிரிகளின் தொகை குறைவாயிருப்பது வெட்கத்துக்குரியதன்று என்பதையும் ஈண்டு கூறவேண்டும். பணமும் உபகரணமும் அருகிய ஆய்வுகூடங்களிலே மூன்று மாதிரிகளே இயலுமெனின் மூன்று என்று எழுதிவிடலாம். ஆறேழு ஆண்டுகளாக அளவுதிருத்தஞ் செய்யப்படாத பொறியெனின் அதனையும் எழுதிவிடலாம். வாசிப்பவர் அதற்கேற்ப மதிப்பிட்டுக்கொள்வார். வறுமையை மறைக்கும் பொருட்டு அணியப்படும் பட்டாடையே ஆபத்தானது.

இனிச் சாம்பலுக்கு வருவோம். கட்டுரையின் முறையியற் பகுதியிலே அச்சாம்பலைப் பற்றி இருப்பது ஒரேயொரு வாக்கியம்: அது அயலிலுள்ள அரிசி ஆலையிலிருந்து பெறப்பட்டது. இவ்வாக்கியம் எதனையுங் கூறவில்லை. ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு உட்பட்டுக் கட்டுப்பாட்டுடன் எரிக்கப்பட்ட உமியிலே சிலிக்கா பளிங்குருவற்ற நிலையில் நின்று, சீமெந்து நீரேறும்போது வெளிவரும் சுண்ணாம்புடன் தாக்கம் புரியும். வெப்பம் மிகுந்து நெடுநேரம் நீடித்தால் அதே சிலிக்கா பளிங்காகிப் பெரும்பாலும் செயலற்ற தூளாகிவிடும். எரிப்புக் குறைந்தாலோ சாம்பலிலே கரி எஞ்சிக் கலவை அதிக நீரை வேண்டும். எவ்வளவு நுண்மையாக அரைக்கப்பட்டது என்பதும் முடிவை மாற்றும். எனவே எரித்த வெப்பநிலை, எரித்த நேரம், எஞ்சிய கரி, அரைத்த நுண்மை ஆகியன கூறப்படாத உமிச்சாம்பல் ஒரு பெயர் மட்டுமே. அம்பாறையில் ஒருவர் அக்கட்டுரையை நம்பி, தம்மூர் ஆலையின் சாம்பலை அதே விகிதத்தில் இட்டுச் சுவர்க்கல் அறுத்தால், கிடைப்பது அக்கட்டுரையிற் கூறப்பட்ட கல்லாக இருக்கவேண்டும் என்ற நியதி ஏதுமில்லை.

இத்தகவல்கள் ஏன் விடுபட்டன? மாணவர் சோம்பேறியல்லர். கட்டுரை எழுத அமர்ந்தபோதுதான் அவை வேண்டியவை என்பது தெரியவந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஓர் ஆலையின் அடுப்பிலே உமி எந்த வெப்பநிலையில் எரிந்தது என்று இன்று யாரிடம் கேட்பது? முறையியற் பகுதியைச் சாம்பல் வாங்கச் செல்லுமுன் எழுதத் தொடங்கியிருந்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே பேனா நின்றிருக்கும். ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஆலைக்குச் செல்லும்படி அப்பேனாவே கட்டளையிட்டிருக்கும்.

விடுபட்ட தகவல்களுக்கு இடமின்மையே காரணம் எனச் சிலர் வாதிடுவர். சஞ்சிகைகள் பக்கவெல்லை விதிப்பது உண்மையே. ஆயினும் அவர்களது கட்டுரைகளின் முன்னுரையைப் பார்க்கவேண்டும். உலகிலே சீமெந்து பெருமளவில் உற்பத்தியாகிறது என்பதில் தொடங்கி, சூழல் மாசடைகிறது என்பதைக் கடந்து, இன்னார் இவ்வாறு கூறினார், இன்னார் அவ்வாறு கூறினார் என முப்பது நாற்பது பேரின் பெயர்களை அடுக்கிச் செல்லும் பக்கங்களுக்கு இடம் எங்கிருந்து வந்தது? கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தோரணங்கட்டி மூலஸ்தானத்திலே விளக்கேற்ற மறந்த கதைதான்.

இவையனைத்தும் ஒரு மாணவரின் பட்டத்தையும் ஒரு விரிவுரையாளரின் பதவியுயர்வையும் மட்டுமே தொடுவனவாயின் பொருட்படுத்தாது விடலாம். பொறியியற் கட்டுரைக்கு வேறொரு விதியுண்டு. அதிலுள்ள எண்களை எடுத்துச் சென்று ஒருவர் கூரை போடுகிறார். 1955 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஷெல்பி என்னுமிடத்தில், விமானப்படையின் பண்டகசாலையொன்றின் கூரை வீழ்ந்தது. அதன் கொங்கிறீற்று வளைகள், மாணவர் வழக்கிலே பீம்கள், ஏறத்தாழ 36 அங்குல ஆழமுடையன. தம் சொந்த நிறைக்கு மேலாகக் குறிப்பிடத்தக்க சுமையேதும் அவற்றின்மேல் இருக்கவில்லை. உடைந்தபோது அவற்றிலிருந்த கொய்வுத் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 0.5 நியூற்றன். அக்கால விதித்தொகுதி அனுமதித்த தகைப்போ அதனிலும் உயர்ந்தது. பின்னர் ஆய்வுகூடத்திலே 12 அங்குல ஆழத்தில் அவ்வளைகளின் மாதிரிகள் செய்து சோதிக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 1.0 நியூற்றன் வரை தாங்கின. சுருக்கமும் வெப்பநிலை மாற்றமும் தோற்றுவித்த அச்சு இழுவையே வீழ்ச்சிக்குக் காரணம் என்று முதலில் விளக்கம் கூறப்பட்டது. அவ்விளக்கம் பொய்யன்று. ஆயினும் முழுமையுமன்று.

கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கானி என்பார் 1967 இல் அமெரிக்கக் கொங்கிறீற்று நிறுவகத்தின் சஞ்சிகையிலே வெளியிட்ட கட்டுரை எழுப்பிய வினா எளிமையானது: பெரிய வளைகள் எவ்வளவு பாதுகாப்பானவை? ஏனைய காரணிகளை மாற்றாது, வளையின் ஆழத்தை மட்டும் ஏறத்தாழ 6 அங்குலம் முதல் 48 அங்குலம் வரை உயர்த்திச் சோதித்தார் அவர். ஆழங்கூடக் கூட, வளை உடையும் கொய்வுத் தகைப்புக் குறைந்துகொண்டே சென்றது. விதிகளுக்கு ஆதாரமாயிருந்த முந்திய பரிசோதனைகளிற் பெரும்பாலானவை ஆய்வுகூடப் பொறிக்குள் அடங்கும் சிறு வளைகளிலேயே நிகழ்ந்தவை. சிறுவளையின் எண் பெருவளைக்கும் பொருந்துமென உலகம் நம்பியிருந்தது. அமெரிக்க விதித்தொகுதி, போதிய கொய்வுக்கம்பி இடாத வளைகளுக்கு இப்பருமன் விளைவைக் கணக்கிலெடுக்கும் காரணியொன்றைச் சேர்த்துக்கொண்டது 2019 இலேயே. கானியின் கட்டுரைக்கும் அதற்கும் இடையே 52 ஆண்டுகள்.

இவ்வரலாற்றிலே கவனிக்கத்தக்க செய்தியொன்றுண்டு. பழைய பரிசோதனைகளைச் செய்தவர்கள் தம் வளைகளின் ஆழத்தையும் அகலத்தையும் கம்பியின் அளவையும் ஒவ்வொன்றாக அட்டவணையிட்டிருந்தனர். அவர்களது முடிவைப் பிறர் மிகைப்படுத்திப் பயன்படுத்தியபோதிலும், அவ்வட்டவணைகள் அழிந்துபோகவில்லை. எனவேதான் பின்வந்தோர் அவற்றை மீளப்புரட்டி, சோதிக்கப்பட்டவை யாவும் சிறியவை என்று காணமுடிந்தது. ஆழங்களை விடுத்து, சராசரித் தகைப்பை மட்டும் அழகிய வரைபொன்றிலே தந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அடுத்த கூரை வீழ்ந்தபோதும் காரணந் தெரிந்திராது.

விவரித்தலின் வலிமைக்கு இன்னுமொரு சான்று பாயிப் பொறியியலில் உண்டு. ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் 1883 இல் வெளியிட்ட கட்டுரையிலே, நீர் எப்போது அருவிக்கோடாக ஓடும், எப்போது கொந்தளிக்கும் என்பதைக் கண்ணாடிக் குழாய்களிலே சாயமோட்டிக் காட்டினார். குழாய்களின் விட்டம் ஓரங்குலம், அரையங்குலம், காலங்குலம். அவற்றின் வாய் எக்காளம் போல விரிந்தது. தொட்டி நீர் அசைவடங்கும்வரை விட்டுவைக்கப்பட்டது. இவையெல்லாம் அக்கட்டுரையில் உள்ளன. மிக்க அமைதியில் அவர் பெற்ற மாறுநிலை எண் ஏறத்தாழ 13,000. சுமார் நூறாண்டு கழித்து மன்செஸ்ரரிலே அதே உபகரணத்தைக் கொண்டு பரிசோதனை திரும்பச் செய்யப்பட்டபோது அவ்வளவு உயர்ந்த எண் கிடைக்கவில்லை. தெருவிலே ஓடும் வாகனங்களின் அதிர்வு நீரை விரைவிற் கலக்கிவிட்டது. குதிரைவண்டிக் காலத்துப் பரிசோதனைக்கும் மோட்டார்க் காலத்துப் பரிசோதனைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைத் தெரு அதிர்வின் தலையிற் சுமத்த முடிந்தது எதனால்? மற்றையவை யாவும் ஒன்றாயிருந்தமை தெரிந்திருந்ததனாலேயே.

இதே றெனோல்ட்சை எதிர்க்கட்சியாரும் சாட்சிக்கு அழைப்பதுண்டு. கொந்தளிப்புப் பற்றிய அவரது 1895 ஆம் ஆண்டுக் கட்டுரையை நடுவர்களாயிருந்து வாசித்த ஸ்ரோக்சும் லாம்பும் அதன் தெளிவின்மையால் இடர்ப்பட்டனர். எனினும் அது வெளிவந்தது. இன்றும் கொந்தளிப்பாய்வின் ஆதார நூலாக நிற்கிறது. அப்படியாயின் எழுத்திலே இவ்வளவு அக்கறை எதற்கு என்பது அவர்கள் வாதம். வாதம் சாதுரியமானதே. ஆனால் றெனோல்ட்சின் கட்டுரையிலே விளங்கச் சிரமமாயிருந்தது புதிய சிந்தனை. இன்றைய கட்டுரைகளிலே விளங்காதிருப்பது சாம்பலின் வெப்பநிலை. மேதையின் இருளையும் மறதியின் இருளையும் ஒன்றெனக் கொள்வது மேதைக்கும் அழகன்று.

குறை பரிசோதனையாளரிடம் மட்டும் உள்ளதன்று. கணனியிலே பாயியின் ஓட்டத்தைக் கணித்து, வண்ணப்படங்களாய் அச்சிடும் கட்டுரைகள் பெருகியபோது, அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் பாயிப் பொறியியற் சஞ்சிகை 1986 இல் ஒரு விதியை வெளியிட நேர்ந்தது. கணிப்பின் வழுவை முறையாகச் சோதித்து அதன் செம்மையை மதிப்பிடாத எந்த எண்முறைத் தீர்வையும் அச்சஞ்சிகை ஏற்காது என்பதே விதி. எளிய மொழியிற் கூறின், ஒரு வலையிலே கணித்த விடையை இன்னும் நெருங்கிய வலையிலும் கணித்துப் பார்த்தீரா என்ற வினாவுக்கு விடையில்லாதவர் வரவேண்டாம் என்பதாகும். பொறியியலாளர் தாமாகவே செய்திருக்கவேண்டிய ஒன்றைக் கதவடைத்துச் செய்விக்க வேண்டியிருந்தது.

மொழியைப் பற்றியும் கூறவேண்டும். தமிழ் மாணவர் மத்தியிலே இதுவே பெரிய அச்சம். தாய்மொழியில் உயர்தரம் வரை கற்றுப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலத்திற் பொறியியல் பயிலும் மாணவருக்கு, கையெழுத்துப் படியை ஆயத்தஞ்செய்தல் என்பது ஆங்கிலத்தைத் திருத்துதல் என்றே தோன்றுகிறது. மேற்பார்வையாளர் சிலரும் சிவப்பு மையை இலக்கணத்துக்கே செலவிட்டுத் தம் கடன் முடிந்ததென அமைகின்றனர். இவ்வச்சத்தின் விளைவு விபரீதமானது. 2021 இலே பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர் உள்ளிட்ட மூவர், பொறியியற் சஞ்சிகையொன்றின் கட்டுரைகளிலே வினோதமான சொற்றொடர்கள் மலிந்திருப்பதைக் கண்டனர். செயற்கை நுண்ணறிவு என்னும் கலைச்சொல் நிற்கவேண்டிய இடத்திலே போலிப் பிரக்ஞை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் நின்றது. பிறர் எழுதியதை இயந்திரத்தின் துணையாற் சொல்மாற்றிப் புதிதெனக் காட்ட முயன்றதன் அடையாளம் அது. அச்சஞ்சிகையின் வெளியீட்டாளர் பின்னர் பல நூறு கட்டுரைகள் குறித்து ஐயந்தெரிவிக்க நேர்ந்தது. அவையனைத்தும் நடுவர்களின் பார்வைக்குட்பட்டதாகக் கூறப்பட்டவை என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்று அத்தகைய கோமாளித்தனமும் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எவர் எழுதியதையும் நொடிப்பொழுதிற் பிழையற்ற ஆங்கிலமாக்கித் தருகின்றன. மின்னியல், மின்னணுவியற் பொறியியலாளரின் அனைத்துலக நிறுவனமான ஐ.ஈ.ஈ.ஈ., செயற்கை நுண்ணறிவு ஆக்கிய பகுதிகளை நன்றியறிதலிலே குறிப்பிடவேண்டுமென விதித்துள்ளது. ஆங்கிலத்துக்கு அஞ்சிய மாணவருக்கு இக்கருவி ஒரு வகையில் நீதி வழங்கியிருக்கிறது என்றுங் கூறலாம். ஆனால் இதுவரை நல்ல நடை ஓரளவேனும் நல்ல கவனத்தின் சான்றாயிருந்தது, இனி அதுவுமில்லை. எழுத்தைச் செப்பஞ்செய்வதே ஆயத்தம் என்றிருந்தவர்களின் முழு வேலையையும் இயந்திரம் செய்துவிடும். உமி எரிந்த அடுப்பின் வெப்பநிலையை அது அறியாது. கேட்டால் ஓர் எண்ணை இட்டு நிரப்பித் தரவுங்கூடும். அவ்வெண் நம்பத்தக்கதாகவே தோன்றும்.

ஒரே ஆய்வை மூன்றாகக் கூறுபோட்டு மூன்று சஞ்சிகைகளுக்கு அனுப்புதல், ஆய்வுகூடத்தின் வாசலையும் மிதியாதவரின் பெயரை ஆசிரியர் வரிசையிற் சேர்த்தல் ஆகியவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அவற்றைச் செய்வோருக்கு அவை தவறென்பது தெரியும்.

எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புவது என்ற வினாவிலே மட்டும் நல்லோரும் வழிதவறுகின்றனர். வெளிநாட்டுச் சஞ்சிகையின் பெயருக்கே பதவியுயர்விற் புள்ளி கூடுதலாதலால், உள்ளூர்ச் செய்தி யாவும் கட்டுரையிலிருந்து கழுவி நீக்கப்படுகிறது. ஆலையிருந்த ஊர், நெல்லின் இனம், மணல் வந்த ஆறு ஆகியன அந்நிய வாசகருக்கு வேண்டாதவை எனக் கருதி வெட்டப்படுகின்றன. விமலசுரேந்திர 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் நீர்மின் வலு பற்றிய தம் கட்டுரையைச் சமர்ப்பித்தபோது, இந்நாட்டின் ஆறுகளையும் வீழ்ச்சிகளையும் பெயர்கூறி அவற்றின் வலுவைக் கணக்கிட்டே பேசினார். லக்சபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இலேயே; ஆனால் அக்கணக்கு முப்பத்திரண்டு ஆண்டும் எவரும் சரிபார்க்கக்கூடியதாய்க் கிடந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு எழுதலாம், எழுதவும் வேண்டும். அங்குள்ள நல்ல நடுவர் மணல் வந்த ஆற்றின் பெயரை வெட்டச் சொல்லமாட்டார். அம்மணலின் பருமன்பரம்பலைக் கேட்பார்.

செய்யவேண்டியது கடினமானதன்று. ஆய்வு முன்மொழிவை ஏற்கும் நாளிலேயே, முறையியற் பகுதியின் வரைவும் வெற்று அட்டவணைகளும் வெற்று வரைபுகளும் உடன்வரவேண்டுமெனத் துறைகள் விதிக்கலாம். வரைபின் அச்சுகளிலே அலகுகள் எழுதப்பட்டிருக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் வழுவுக்கு ஓரிடம் விடப்பட்டிருக்கவேண்டும். எத்தனை மாதிரி, எக்காரணத்தாற் தள்ளப்படும் என்பதும் அதில் இருக்கவேண்டும். மேற்பார்வையாளர் அதனை வாசித்து, இவ்விவரங்களை மட்டும் கொண்டு வேறொருவர் இப்பரிசோதனையைச் செய்யமுடியுமா என்று தம்மையே கேட்கவேண்டும். இயன்றால் வேறொரு மாணவரிடம் அத்தாளைக் கொடுத்து ஒரு சதுரமுகியேனும் வார்க்கச் சொல்லவேண்டும். அவர் எந்த இடத்தில் நின்று வினவுகிறாரோ, அந்த இடத்திலே கட்டுரைக்கு ஒரு வாக்கியம் குறைகிறது. முன்னுரையும் சுருக்கமும் கடைசியில் வரட்டும்.

நேரமில்லை என்பதே இதற்கெதிராகக் கூறப்படும் தடையாயிருக்கும். ஆய்வுக்காலம் குறுகியது, கற்பித்தற் சுமை பெரியது, வேலைநிறுத்தங்களும் விடுமுறைகளும் எஞ்சியதையும் தின்றுவிடுகின்றன என்பர். அவையெல்லாம் உண்மையே. ஆயினும் வார்த்த சதுரமுகிகள் நீரிற் கிடக்கவேண்டியது 28 நாள். அந்த 28 நாளும் அவற்றை எவரும் தொடுவதில்லை.